கணினியில் ஒரு கணக்கு நோட்டு: ஜூப்பிட்டர் பழகுவோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கணக்காளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கம்ப்யூட்டரில் போட்ட கணக்கு என்று நாங்கள் ஒரு தாளை நீட்டும்போதெல்லாம் யாராவது ஒரு அக்கா கேட்பாங்க: "இந்தத் தொகை எப்படி வந்துச்சு?" நியாயமான கேள்விதான். நம்முடைய தீர்மான நோட்டில் யார் கடன் கேட்டார், எதற்குக் கேட்டார், எத்தனை தவணை என்று முடிவானது, எல்லாம் வரிவரியாக இருக்கும். கடன் லெட்ஜரில் கூட்டல் கழித்தல் கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் தாளில் விடை மட்டும் நிற்கும். எக்செல்லில் போட்டாலும் கணக்குப் போட்ட வழி கட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கணினியைத் தொடுகிற ஒருத்தருக்குத்தான் கணக்குத் தெரியும் என்ற நிலை குழுவுக்கு நல்லதில்லை.

விளக்கம், கணக்கு, விடை மூன்றையும் ஒரே பக்கத்தில் வைக்கிற ஒரு மென்பொருளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தோம். பெயர் ஜூப்பிட்டர் நோட்புக். இது திறந்த மூல மென்பொருள். காசு கிடையாது, உரிமம் புதுப்பிக்க வேண்டியதில்லை, எத்தனை கணினியில் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். கொலம்பியா நாட்டில் பிறந்த ஃபெர்னாண்டோ பெரஸ், அமெரிக்காவில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தபோது 2001-ல் தன் ஆராய்ச்சி வேலைக்காக ஐபைத்தான் என்ற ஒன்றை எழுதத் தொடங்கினார். அது பலபேர் சேர்ந்து செய்யும் வேலையாக வளர்ந்து, 2014-ல் ஜூப்பிட்டர் என்று பெயர் பெற்றது. ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று கணினி மொழிகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. இன்னொரு காரணமும் உண்டு. 1610 ஜனவரியில் கலிலியோ வியாழன் கிரகத்தின் பக்கத்தில் சில புள்ளிகளைப் பார்த்து, ஒவ்வொரு இரவும் அவை எங்கே நின்றன என்று நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். அவை வியாழனின் நிலாக்கள் என்று அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் கண்டுபிடித்தார். அந்த நோட்டின் நினைவும் இந்தப் பெயரில் இருக்கிறது.

விஞ்ஞானிகள் சமாச்சாரம் நமக்கெதற்கு என்று நினைக்காதீங்க. வாரம் தவறாமல் நோட்டு எழுதுகிற நமக்கு இது பழகிய வேலைதான்.

ஏற்றுவதற்கு முதலில் பைத்தான் மென்பொருளை அதன் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கி நிறுவ வேண்டும். பிறகு கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை கொடுத்தால் நோட்புக் இறங்கிவிடும். இந்த இரண்டையும் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை யாராவது ஒரு தடவை செய்துகொடுத்தால் போதும். அதற்குப் பிறகு இணையம் வேண்டியதில்லை. இணையதளம் மாதிரி பிரௌசரில்தான் திறக்கும், ஆனால் கணக்கு நம் கணினிக்குள்ளேயே நடக்கிறது. ஏற்றாமல் சும்மா பழகிப் பார்க்க ஜூப்பிட்டரின் தளத்திலேயே வசதி உண்டு. அதில் எழுதியது அந்தப் பிரௌசரில் மட்டுமே தங்கும் என்பதால் குழுக் கணக்கை அதில் வைக்க வேண்டாம்.

திறந்தால் பக்கத்தில் ஒரு நீளப் பெட்டி தெரியும். அதைச் செல் என்பார்கள். நம் கையில் இருக்கிற செல் இல்லை! நமக்கு வேண்டிய பெட்டி இரண்டு வகை. கணக்குப் பெட்டியில் எழுதினால் கணினி கணக்காகச் செய்யும். மேலே உள்ள பட்டியலில் மார்க்டவுன் என்று மாற்றிவிட்டால் அது எழுத்துப் பெட்டி. அதில் தமிழில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். எழுதி முடித்து ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி என்டர் தட்டினால் பெட்டி வேலை செய்யும்.

எங்களுக்கு ரொம்பப் பிடித்தது, கணக்கிலேயே தமிழ்ப் பெயர் வைக்கலாம் என்பது. இப்படி அடித்துப் பாருங்க:

சந்தா = 100
உறுப்பினர் = 15
சந்தா * உறுப்பினர்

உடனே கீழே 1500 என்று வரும். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி. ஒரு எச்சரிக்கை: டிடிபி கடைகளில் பயன்படுத்துகிற பழைய எழுத்துருவில் அடித்தால் கணினிக்குப் புரியாது. யூனிகோடு தமிழில் அடிக்க வேண்டும். பெயருக்கு நடுவே இடைவெளி விடக் கூடாது. ஓரிடத்தில் ஒரு கால் வாங்காமல் விட்டாலும் அந்தப் பெயர் தெரியவில்லை என்று சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் சொல்லும். பயப்பட வேண்டாம், திருத்திவிட்டு மறுபடி தட்டினால் சரியாகும்.

இனி கடனுக்கு வருவோம். 12,000 ரூபாய் கடன், 12 மாதத் தவணை, நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி. முதல் பெட்டியில்:

மீதி = 12000
மொத்தவட்டி = 0

அடுத்த பெட்டியில்:

மொத்தவட்டி = மொத்தவட்டி + மீதி * 1 / 100
மீதி = மீதி - 1000
மீதி, மொத்தவட்டி

இரண்டாவது பெட்டியை ஒரு தடவை தட்டினால் ஒரு மாதம் ஓடியது என்று அர்த்தம். மீதி 11000, வட்டி 120 என்று காட்டும். கன்ட்ரோல் விசையோடு என்டர் தட்டினால் அதே பெட்டியிலேயே நிற்கலாம். 12 தடவை தட்டிப் பாருங்க. மீதி 0, மொத்த வட்டி 780.

இதையே வெளியில் சிலர் பிளாட் வட்டி என்று தருகிறார்கள். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் கடைசி வரைக்கும் 12,000-க்கே வட்டி வாங்குவார்கள். மாதம் 120, 12 மாதத்துக்கு 1,440. இரண்டு இடத்திலும் "ஒரு வட்டிதான்மா" என்றுதான் சொல்வார்கள். வித்தியாசம் 660 ரூபாய். வாயால் சொன்னால் நம்மில் பாதிப்பேர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். மாதம் மாதமாகத் தட்டி, மீதி இறங்குவதையும் வட்டி ஏறுவதையும் பார்த்தால் மறக்காது. நுண்கடன் தருகிற வங்கியும் நிதி நிறுவனமும் வட்டி, கட்டணம் எல்லாம் குறித்த விவரத் தாளைக் கடன் வாங்குபவர் கையில் தரவேண்டும் என்பது 2022-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. அந்தத் தாளில் உள்ள எண்களை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நாம் 12 தடவை தட்டியது பக்கத்தில் எங்கேயும் எழுதப்படவில்லை. யாராவது ஒரு தடவை கூடத் தட்டினால் மீதி -1000 ஆகிவிடும், எழுத்தெல்லாம் அப்படியே இருக்கும்! பெட்டிக்கு இடதுபுறம் சதுர அடைப்புக்குள் ஓர் எண் வரும், அதைக் கவனியுங்க. அது எத்தனையாவது தட்டு என்று காட்டும். புதிதாகத் திறந்து முதல் பெட்டியை ஒரு தடவையும் அடுத்ததை 12 தடவையும் தட்டியிருந்தால் 13 என்று நிற்கும். வேறு எண் நின்றால் கேள்வி கேட்கலாம். இருந்தாலும் தட்டுவதை எண்ணிக்கொண்டிருப்பது நோட்டு எழுதுகிற முறை இல்லை. 12 மாதம் என்பதையும் பெட்டியிலேயே எழுதிவிட வேண்டும்:

ஃபார் மாதம் இன் ரேஞ்ச்(12):
    மொத்தவட்டி = மொத்தவட்டி + மீதி * 1 / 100
    மீதி = மீதி - 1000
மீதி, மொத்தவட்டி

ஃபார், இன், ரேஞ்ச் என்ற மூன்று சொற்களை மட்டும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்கணும். அடுத்த இரண்டு வரியும் நாலு இடம் உள்ளே தள்ளி இருக்கணும். அந்தத் தள்ளலை வைத்துத்தான் எதை 12 தடவை செய்வது என்று கணினி தெரிந்துகொள்கிறது.

பிறகு மேலே கெர்னல் என்ற இடத்தில் "ரீஸ்டார்ட், ரன் ஆல்" என்று வருவதைத் தட்டுங்க. பழைய ஞாபகம் எல்லாம் அழிந்து, முதல் பெட்டியிலிருந்து வரிசையாகக் கணக்கு ஓடும். அப்போதும் 780 வந்தால்தான் அந்தப் பக்கத்தைக் கூட்டத்தில் வைக்கலாம். இதை ஒரு விதியாகவே நம் கூட்டமைப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கணக்குப் போட்டவர் அல்லாமல் வேறொரு குழுவின் ஊக்குநர் வந்து அந்தப் பொத்தானைத் தட்டட்டும்.

ஒவ்வொரு கணக்குப் பெட்டிக்கும் மேலே எழுத்துப் பெட்டியில் எந்தத் தேதித் தீர்மானம், எத்தனை தவணை, வட்டி எவ்வளவு என்று குறிப்பு எழுதணும். ஆதார் எண், போன் எண் எதையும் அதில் எழுத வேண்டாம். கணக்குக்கு அவை தேவையில்லை, அச்செடுத்தால் எல்லார் கையிலும் போகும்.

கூட்டமைப்பு அலுவலகக் கணினியில் ஜூப்பிட்டரை ஏற்றி வைத்திருக்கிறோம். வரும்போது உங்கள் கடன் லெட்ஜரையோ, வெளியில் வாங்கிய கடனின் அட்டையையோ எடுத்து வாங்க. ஒருத்தர் படிக்க ஒருத்தர் அடிக்கட்டும். தமிழ் அடிக்கத் தெரியாதவங்க முதல் நாள் எண்களை மட்டும் மாற்றிப் பாருங்க: 1 வட்டியை 2 ஆக்கினால் என்ன வருகிறது, 12 மாதத்தை 10 ஆக்கினால் தவணை எவ்வளவு ஆக வேண்டும் என்று.