நத்தைக்கு என்ன தீனி?

(இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டார விவசாயிகளிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாட்டுக்குத் தீனி, கோழிக்குத் தீனி என்று பலரும் பேசக் கேட்டிருப்பீர்கள். நத்தைக்கு என்ன தீனி என்று ஒருவர் பேச வந்தால் சிரிப்பு வருவது இயற்கைதான். ஆனால், இங்கிலாந்து போன்ற நாடுகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஈர மண்ணைப் பரப்பி, உள்ளங்கை நீளமுள்ள ஆப்பிரிக்க நத்தையைச் செல்லப் பிராணியாக வளர்க்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் மழை விட்ட மறுநாள் தோட்டத்தில் கண்ட நத்தையைச் செருப்புப் பெட்டியில் போட்டு, நான்கு இலையைக் கிள்ளிப் போடுவதுண்டு. வேட்டை நாய் வளர்ப்பில் பேர் போன ஊரில் பிள்ளைகளுக்குப் பிராணி ஆசை இல்லாமற் போகுமா?

நத்தை வளர்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்க நான் வரவில்லை. ஆனால் அது எதைத் தின்னும், எதற்காகத் தின்னும் என்பது, ஆசைக்கு வளர்ப்பவரைவிட விவசாயிக்கே அதிகம் பயன்படும் செய்தி. அதன் நாக்கு ருசி தெரிந்தால், அது எந்தப் பயிரில் வாய் வைக்கும், எதைக் காட்டிப் பிடிக்கலாம், ஏன் பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது என்ற மூன்றும் விளங்கிவிடும்.

முதலில் எந்த நத்தை என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். கண்மாயிலும் வயலிலும் கிடைக்கும் நத்தை வேறு. அதன் ஓட்டின் வாயில் கெட்டியான மூடி உண்டு. அதைச் சமைத்து உண்போரும் இருக்கிறார்கள். நான் சொல்வது தரை நத்தை. அதற்கு நிலையான மூடி கிடையாது. அதிலும் இராட்சத ஆப்பிரிக்க நத்தை எனப்படும் இனத்தின் ஓடு கூம்பு போல நீண்டு, பழுப்பு நிறத்தில் கோடு கோடாக இருக்கும். சாதாரணமாக 5 முதல் 10 சென்டிமீட்டர் நீளம். 20 சென்டிமீட்டர் வரை வளர்வதும் உண்டு.

கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த நத்தை 1847-இல் நம் நாட்டுக்கு வந்தது. வில்லியம் பென்சன் என்ற நத்தை ஆராய்ச்சி அன்பர் மொரீஷியஸ் தீவிலிருந்து கொண்டுவந்தவை, கல்கத்தாவில் சௌரங்கிப் பகுதித் தோட்டம் ஒன்றில் விடப்பட்டன. அங்கிருந்து பரவியதை இன்றுவரை யாராலும் திருப்பி அனுப்ப முடியவில்லை. நம் பக்கத்துக் கேரளத்தில், பாலக்காட்டுப் பகுதிக்கு 1955-இல் வந்தது என்பது அங்குள்ள ஆராய்ச்சியாளர் குறிப்பு. 2005 வாக்கில் பத்தனம்திட்டா மாவட்டம் கோன்னிப் பகுதியில் தோட்டம், வீடு, கிணற்றடி என்று பாராமல் மொய்த்தது. கோன்னி எங்கோ இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். திருமங்கலத்திலிருந்து திருவில்லிபுத்தூர், இராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகப் புனலூர், கொல்லம் செல்லும் சாலையில்தான் நாற்றும் கன்றும் மரமும் ஏற்றிய லாரிகள் வந்து போகின்றன. நத்தை தானாக நடந்து ஒரு ஊரைக் கடக்க வருடக்கணக்காகும். வேர்மண்ணோடு வரும் ஒரு கன்றில் ஒட்டிக்கொண்டால் ஒரே இரவில் வந்துவிடும்.

இனி அதன் தீனிக்கு வருவோம்.

நத்தையின் வாயில் அரம் போன்ற ஒரு நாக்கு உண்டு. அதில் ஆயிரக்கணக்கான நுண்ணிய பற்கள். கடித்துத் தின்பது அதன் வழக்கமல்ல, ராவித் தின்னும். ஆகவே சாறுள்ள, மெல்லிய பாகங்களே அதற்குப் பிடித்தமானவை. பெட்டியில் வளர்ப்பவர்கள் வெள்ளரி, பூசணி, முட்டைக்கோஸ் இலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பழுத்த வாழை, பப்பாளி ஆகியவற்றைத் துண்டு செய்து, பொழுது சாய்ந்த பிறகு வைக்கிறார்கள். பகலில் வைத்தால் காய்ந்து போகும். நத்தை பகலில் உறங்குவது. உப்புப் பட்ட பண்டம் அறவே ஆகாது. உடலின் நீரை இழந்து செத்துவிடும். பசலைக் கீரையில் ஆக்சலேட் மிகுதி. அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப் போட்டுவிடுவதால் அதை அதிகம் கொடுப்பதில்லை.

இப்போது இந்தப் பட்டியலை உங்கள் தோட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். பப்பாளி, வாழைக் கன்று, கத்தரி, வெண்டை, அவரை, பூசணிக் கொடி, கோஸ், செண்டுமல்லி, வெற்றிலைக் கொடி ஆகிய எல்லாம் அதன் இலையில் பரிமாறிய விருந்துதான். இவற்றில் நாற்றுப் பருவமே பேராபத்தான காலம். ஒரே இரவில் நாற்றங்கால் மொட்டையாகும். காலையில் வந்து பார்த்தால் பூச்சி எதுவும் தென்படாது. வெள்ளிக் கம்பி இழுத்தாற்போல் காய்ந்த சளிக்கோடு மட்டும் மினுங்கும். இதை அறியாமல் பூச்சிமருந்து அடிப்பது காசை மண்ணில் கொட்டுவதாகும். பூச்சிக்கான மருந்துகளில் பெரும்பாலானவை நத்தையை ஒன்றும் செய்வதில்லை. நெல், கரும்பு, சோளம் போன்ற புல்லினப் பயிர்களை அது அவ்வளவாக நாடுவதில்லை. வளர்ந்த தென்னைக்கும் மாவுக்கும் பெருங்கேடு இல்லை. ஆனால் தென்னை வட்டப்பாத்தியில் குவித்த மட்டையும் உரிமட்டையும் அதற்குப் பகல் நேர விடுதி. தென்னைக்கு ஊடே வாழையும் காய்கறியும் போட்டிருப்பவர்கள், விடுதியையும் சாப்பாட்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அடுத்தது சுண்ணாம்பு. ஓடு வளர்ப்பதற்கு அதற்குச் சுண்ணாம்பு இல்லாமல் முடியாது. வளர்ப்பவர்கள் பெட்டியில் கணவாய் ஓடு ஒன்று வைப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பது அதுதான். முட்டை ஓட்டைக் கழுவி நுணுக்கி வைப்பதும் உண்டு. பெட்டியில் இல்லாத நத்தை என்ன செய்யும்? வெள்ளையடித்த சுவரை ராவும், காரைப்பூச்சைச் சுரண்டும், கிடந்த எலும்பையும், செத்த நத்தையின் ஓட்டையும் தின்னும். நாம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடுவது போலத்தான். மழைக்காலக் காலையில் மோட்டார் அறைச் சுவரிலும் தொட்டிச் சுவரிலும் நத்தை ஏறி நின்றால் வேடிக்கை பார்க்க வந்ததல்ல. அந்த இடங்களை முதலில் தேடினால் பாதி வேலை முடியும். சுண்ணாம்பு கலந்த கரிசல் மண்ணும் அதற்கு ஒத்துப்போகும்; நம் பக்கத்துக் கோடைதான் அதை அடக்கி வைத்திருக்கிறது. கோடையில் அது சாவதில்லை. ஓட்டின் வாயைக் காகிதம் போன்ற வெண்படலத்தால் அடைத்துக்கொண்டு, சுவர் வெடிப்பிலும் மரப்பொந்திலும் மாதக்கணக்கில் உறங்கும்.

மூன்றாவது தீனியைச் சொன்னால் முகம் சுளிப்பீர்கள். அழுகல், சாணம், எலிப் புழுக்கை எல்லாமும் அதற்கு உணவு. எலியின் நுரையீரல் குழாயில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகள் புழுக்கை வழியே நத்தையின் உடலுக்குள் புகுந்து வளர்கின்றன. நத்தையைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்பவர்கள், நத்தை ஊர்ந்த கீரையைக் கழுவாமல் தின்பவர்கள், நத்தையைத் தொட்ட கையை வாயில் வைப்பவர்கள் ஆகியோருக்கு அப்புழு சென்று மூளையுறைக் காய்ச்சலை உண்டாக்கக்கூடும். கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி ஆகியவை அதன் அடையாளங்கள். அத்தகைய நிலையில் மருத்துவரிடம் போகும்போது, பிள்ளை நத்தையோடு விளையாடியது என்பதை மறவாமல் சொல்லுங்கள். அவராகக் கேட்கத் தோன்றாது. செருப்புப் பெட்டி நத்தையை உடனே பறிமுதல் செய்து, பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அழுதால் அழட்டும், ஒரு கோழிக்குஞ்சு வாங்கிக் கொடுத்தால் போயிற்று.

பறித்த நத்தையை வேலிக்கு அப்பால் வீசிவிடாதீர்கள். 1966-இல் அமெரிக்காவில் ஒரு சிறுவன் ஹவாய்த் தீவிலிருந்து 3 நத்தைகளைப் புளோரிடா மாநிலத்து மியாமி நகருக்குக் கொண்டுவந்தான். அவன் பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். ஏழாண்டுகளில் அவை 18,000-க்கும் மேலாயின. ஒழிப்பதற்குச் சுமார் 10 இலட்சம் டாலர் செலவாயிற்று, 1975-இல்தான் ஓய்ந்தது. 2011-இல் அதே பகுதியில் மறுபடி தலைகாட்டி, 2021-இல் ஒழிந்ததாக அறிவித்து, 2022-இல் அம்மாநிலத்தின் வேறொரு பகுதியில் மீண்டும் கண்டுபிடித்தார்கள். இத்தனை பெருக்கத்துக்குக் காரணம், ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பது. இரண்டு சேர்ந்தால் இரண்டுமே முட்டையிடும். ஒருமுறை சேர்ந்தபின் விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு பல முறை இடும். ஒரு ஈட்டுக்கு 100 முதல் 400 முட்டைகள் வரை. ஜவ்வரிசியைவிடச் சற்றே பெரிதாக, வெளிர் மஞ்சளாக, ஈரமண்ணுக்குள் குவியலாக இருக்கும்.

பிடிக்கும் முறைக்கு அந்தத் தீனியையே பயன்படுத்துவோம். புரட்டாசி, ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்த வாரமே சரியான காலம். உறங்கியவை பசியோடு எழும், முட்டையிட்டிருக்காது. கார்த்திகை வரை தள்ளிப்போட்டால் வேலை பன்மடங்காகும். அந்தி நேரத்தில் சணல் சாக்குகளை நனைத்து வரப்போரம் விரித்து, அதன் அடியில் பப்பாளி இலை, தண்டு, கோஸின் கழிவு இலை, வெள்ளரித் தோல் இவற்றில் கிடைத்ததை வையுங்கள். விடியற்காலை, வெயில் ஏறுமுன், கையுறை அணிந்தோ இடுக்கியாலோ பொறுக்கி, 5 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ உப்புக் கரைத்த வாளியில் போட வேண்டும். செத்தவற்றைக் குழி தோண்டி, சுண்ணாம்புத் தூள் தூவி மூடுங்கள். உப்புத் தண்ணீரைத் தென்னை, வாழைத் தூரில் ஊற்றிவிட வேண்டாம். வயலிலேயே நசுக்கிப் போடுவதும் தவறு. வயிற்றிலுள்ள முட்டை தப்பிவிடும், பிணத்தைத் தின்ன மற்ற நத்தைகளும் வரும். பக்கத்துத் தோட்டக்காரரும் அதே வாரத்தில் பொறுக்கினால்தான் பலன் நிற்கும். இதில் தனி ஆள் வேளாண்மை எடுபடாது.

குப்பை, மட்டைக் குவியல்களைக் கோடையிலேயே கலைத்து, அடிமண்ணைக் கொத்திவிட்டு வெயில் காட்டினால் முட்டை காய்ந்து போகும். காய்கறிக்கு மாலையில் பாய்ச்சும் தண்ணீரைக் காலைக்கு மாற்றினாலே இரவில் ஈரம் குறைந்து அதன் நடமாட்டம் குறையும். காசு செலவில்லாத இந்த வழியைச் செய்வோர்தான் குறைவு.

மிகுதியாகப் பெருகிய இடத்துக்குப் பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் ஒரு கரைசலைப் பரிந்துரைத்தது. 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஒரு லிட்டராகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்டி, 60 கிராம் மயில்துத்தத்தைத் தனியே ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, இரண்டையும் கலந்து நத்தை கூடியிருக்கும் இடத்தில் தெளிக்க வேண்டும். இளநாற்றின் மேல் பட்டால் கருகும். வாய்க்காலிலும் கண்மாயிலும் கலந்தால் மீனுக்கு ஆகாது. கடைசி வழியாக மட்டும் இதைக் கொள்ளுங்கள்.

மெட்டால்டிகைடு குருணை பற்றி ஒரு எச்சரிக்கை. தீனி கலந்து செய்யப்படுவதால் நத்தையைப் போலவே நாயும் அதை விரும்பித் தின்னும். தின்ற நாய் நடுங்கி, வலிப்புக் கண்டு சில மணி நேரத்தில் இறந்துவிடலாம். பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் ஆபத்து என்று பிரிட்டனில் 2022 முதல் திறந்த வெளியில் இதைப் பயன்படுத்தத் தடை உள்ளது. ஆசையாக வளர்த்த இராஜபாளையம் நாயைத் தோட்டக் காவலுக்கு அவிழ்த்துவிடும் வழக்கமுள்ளவர்கள் இதை வாங்காதிருப்பதே நலம். வாங்கியே ஆகவேண்டுமென்றால், நாய் மூக்கு நுழையாத சிறு வாயுள்ள மண் கலயத்தில் வைத்து, அதிகாலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். செண்பகத்தோப்புப் பக்கமுள்ள மலையடிவாரத் தோட்டங்களில் காண்பது எல்லாம் ஆப்பிரிக்க நத்தை அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நத்தைகள் பல உண்டு. இவற்றில் பெரும்பாலானவை சிறியவை, உருண்டையாகவோ தட்டையாகவோ ஓடுடையவை, சருகும் பாசியும் தின்று மண்ணுக்கு உரமாக்குபவை. பசிபிக் கடலிலுள்ள மூரியா தீவில் ஆப்பிரிக்க நத்தையை அழிக்க 1977-இல் வேறொரு கொல்லி நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பத்தாண்டுக்குள் அத்தீவுக்கே உரிய மரநத்தைகளைத் தின்று தீர்த்தது. ஆகவே கூம்பு வடிவ நத்தையை மட்டும் பொறுக்குங்கள். ஐயம் ஏற்பட்டால் ஒன்றிரண்டை மூடியுள்ள புட்டியில் போட்டு, திருவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்திலோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ காட்டிக் கேளுங்கள். வெளியூரிலிருந்து வாழைக் கன்றோ பப்பாளி நாற்றோ வந்து இறங்கும் நாளில், நடுவதற்கு முன் வேர்மண்ணை உதிர்த்து, இலையடியைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். ஜவ்வரிசி போல ஏதேனும் உதிர்ந்தால் அந்த மண்ணை மூட்டையோடு தனியே ஒதுக்கி, வெந்நீர் ஊற்றிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.