கிரிஸ்டலை மாற்றினால் கடிகாரமும் மாறும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஓவர்கிளாக்கிங் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். குறித்த வேகத்தை மீறி சிப்பை ஓட்டுவதுதான் அது.

8051 லேப் செய்தவர்களுக்கு 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஞாபகம் இருக்கும். முழுசா 12 இருக்க, ஏன் இந்தக் கோணல் எண்? 12, 32, 3 என்று வரிசையாக வகுத்தால் சுத்தமாக 9600 வரும். சீரியல் போர்ட் பிசிறில்லாமல் பேசும். ஆக, கிரிஸ்டல் வேகத்துக்கு மட்டும் போட்டதல்ல. சிப்புக்கு அதுதான் கைக்கடிகாரம்.

ஆர்டுயினோ யூனோவின் ஏடிமெகா328பி ஓடுவது 16-இல். சிப்பின் வரம்பு 20, அதுவும் 4.5 வோல்ட்டுக்குக் குறையாமல் கொடுத்தால். "அப்ப 20 போடலாமே சார்" என்பீர்கள். போடலாம்.

கோம்பையில் ஒரு தென்னந்தோப்பு மோட்டார் ரூமில் அந்தச் சிப்பைச் சொட்டுநீர் டைமராக மாட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். புரோகிராமிடம் சொல்லாமல் கிரிஸ்டலை மட்டும் மாற்றினால், 30 நிமிஷம் பாய வேண்டிய தண்ணீர் 24 நிமிஷத்தில் நின்றுவிடும். 9600-க்கு வைத்த ஜிஎஸ்எம் மாட்யூலுக்கு 12000-இல் பேச்சு போகும், எஸ்எம்எஸ் வராது. இதெல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும், பரவாயில்லை.

புரோகிராமில் 20 என்று சரியாகச் சொன்ன பிறகு வருவதுதான் வில்லங்கம். மில்லி நொடி எண்ணும் 'மில்லிஸ்' இருக்கிறதே, அதன் டைமர் 16384 கிளாக்குக்கு ஒருமுறை நிரம்பும். 16-ஆல் வகுத்தால் 1024 மைக்ரோ நொடி, மீதியில்லை. 20-ஆல் வகுத்தால் 819.2. அது தசமத்தை வெட்டிவிட்டு எட்டு எட்டாக எண்ணுவதால் 816 என்றே கணக்கில் வைக்கும். தடவைக்கு 3.2 மைக்ரோ நொடி போச்சு. துளிதானே? ஒரு நாளில் ஐந்தரை நிமிஷத்துக்கு மேல் பின்தங்கும். பத்து நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மும்முனை கரண்ட் வர்ற நேரம் பார்த்து வைத்த டைமர், கரண்ட் போன பிறகு 'ஆன்' பண்ணும். காய்வது தென்னை, தோப்புக்காரரிடம் திட்டு வாங்குவது நீங்க.

24, 32 என்று போகிறவர்களும் உண்டு. மேஜையில் ஓடும். ஆனால் சூடு ஏறினாலும் வோல்டேஜ் இறங்கினாலும் சிப்புக்குள் சிக்னல் போய்ச் சேர நேரம் கூடும். தகர ஷெட், சித்திரை வெயில், மோட்டார் எடுக்கும்போது சரியும் வோல்டேஜ், மூன்றும் சேர்ந்தால் போதும், எங்கோ ஒரு கணக்குத் தவறும். லேபுக்குக் கொண்டுவந்தால் நல்ல பிள்ளையாக ஓடும்! 32-இல் ஏடிசி கிளாக்கும் 250 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும். முழுத் துல்லியத்துக்கு வரம்பு 200. மண் ஈரத்தின் அளவு பிசகலாம்.

தயாரித்தவரே சோதித்து வரம்பை உயர்த்துவது வேறு கதை. பைக்கோவின் ஆர்பி2040 சிப் 2021-இல் 133 என்று வந்தது. 2025-இல் 200-க்கு அனுமதி கொடுத்தார்கள்.

வால்வு திறக்க 16-ஏ ஏராளம். வேகம் பத்தவில்லை என்றால் 'டிஜிட்டல்ரைட்'டை எடுத்துவிட்டு போர்ட்டில் நேராக எழுதிப் பாருங்க. நேரத்துக்கு டிஎஸ்3231 கடிகாரச் சிப்பைத் தனியாக வையுங்க. ஹாஸ்டல் மேஜையில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிப் பார்க்கலாம். ஒரு டப்பா கிரிஸ்டல் கொண்டுவந்திருக்கேன், சாப்பாட்டு நேரத்தில் வந்து வாங்கிக்கோங்க.