ஒடுக்கமான சமையலறையைத் திருத்தியமைத்தல்

வீடு கட்டுவோர் முன்மண்டபத்துக்கு முதலிடமும் சமையலறைக்குக் கடைசியிடமும் கொடுப்பது நெடுநாளைய வழக்கம். மற்றெல்லா அறைகளுக்கும் நிலம் பங்கிட்ட பின்னர் எஞ்சுவதே அடுப்புக்கு உரியதாகின்றது. கிராமத்து வீட்டில் இதனாற் பெருங்கேடு விளைவதில்லை. அங்கே குசினிக்கு வெளியே முற்றம் உண்டு, தாழ்வாரம் உண்டு, கிணற்றடி உண்டு. அரிசி புடைப்பதும், தேங்காய் துருவுவதும், மீன் வெட்டுவதும் திறந்த வெளியில் நடைபெறும். நகரத்துத் தொடர்மாடி வீட்டிலோ இத்தனை தொழிலும் ஒரே அறைக்குள் அடங்கவேண்டியிருக்கின்றது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களிலுள்ள இத்தகைய வீடுகள் பலவற்றிற் சமையலறை என்பது இருபுறமும் சுவரால் அடைபட்ட ஓர் ஒழுங்கை போன்றது. கப்பலிலுள்ள சமையலறையின் பெயரையே ஆங்கிலத்தில் இதற்கும் வழங்குகின்றனர். பெயர் பொருத்தமானதே. இடம் குறைவு, வேலை மிகுதி.

இத்தகைய அறையைத் திருத்தியமைக்க எண்ணுவோர் பெரும்பாலும் முதலிற் செய்வது கடைக்குச் சென்று அலுமாரிகளைப் பார்ப்பது. அல்லது மேசனை அழைத்து, சுவரை இடிக்கலாமோவென்று கேட்பது. இவை இரண்டும் பிந்திய வேலைகள். இவற்றுக்கு முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. அது, அந்த அறையில் உழைப்பவர் எத்தனை பேர், அவர்கள் எங்கெங்கு நடக்கின்றனர், எங்கெங்கு குனிகின்றனர் என்று கணக்கெடுத்தல். இந்த உண்மையை உலகுக்கு நன்கு காட்டியது ஜேர்மனியில் அமைந்த ஒரு சிறு சமையலறை. அதன் வரலாறு இன்றைய வீட்டுக்காரருக்கும் பயன் தருவது.

முதலாம் உலகப் போருக்குப் பின் ஜேர்மனிய நகரங்களிற் குடியிருக்க வீடின்றி மக்கள் பெரிதும் இடர்ப்பட்டனர். பிராங்க்பேட் நகரத்தில் 1925ஆம் ஆண்டு கட்டடப் பொறுப்பை ஏற்ற ஏர்ண்ஸ்ட் மே என்பவர் குறைந்த செலவில் ஆயிரக்கணக்கான வீடுகளை அமைக்கத் தொடங்கினார். அவருடைய குழுவில் வியன்னா நகரத்தவரான மாகரெட்டே லிஹொட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் 1926இற் சேர்ந்தார். திருமணத்தின் பின் இவர் ஷுட்டே-லிஹொட்ஸ்கி எனப் பெயர் பெற்றார். ஒஸ்திரியாவிற் கட்டடக்கலை பயின்ற முதற் பெண்களில் ஒருவரான இவரிடமே புதிய வீடுகளின் சமையலறையை அமைக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

இவருக்குக் கிடைத்த இடம் ஏறக்குறைய 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் கொண்டது. அதாவது ஆறேகால் அடிக்குப் பதினோரடி. இத்துணைச் சிறிய இடத்தில் என்ன செய்யலாம்? புகையிரதத்தின் உணவுப் பெட்டியிலுள்ள சமையலறையை இவர் நோக்கினார். கைக்கு எட்டிய தூரத்தில் எல்லாம் இருந்தமையால் அங்கே மிகச் சிறிய இடத்திற் பலருக்கு உணவு தயாராயிற்று. அமெரிக்காவைச் சேர்ந்த கிறிஸ்டின் பிரெடெரிக் என்பவர் வீட்டுவேலையை ஆராய்ந்து எழுதிய நூலையும் இவர் படித்திருந்தார். பிரெடெரிக் இரண்டு சமையலறைகளின் படங்களை வரைந்து, வேலை செய்பவரின் நடையை அவற்றிற் கோடுகளாகக் காட்டினார். ஒழுங்கற்ற அறையிற் கோடுகள் சிக்குண்ட நூலைப்போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. ஒழுங்கான அறையில் அவை ஒரே திசையிற் சென்றன.

லிஹொட்ஸ்கி அமைத்த அறையில் யன்னலின் கீழே வேலைமேசை இருந்தது. அமர்ந்தபடி காய்கறி நறுக்குவதற்குச் சுழலும் முக்காலி ஒன்றும் இருந்தது. அரிசி, சீனி போன்றவற்றுக்குப் பெயர் பொறித்த சிறு அலுமினிய இலாச்சிகள் வரிசையாக அமைந்தன. மாவுக்குரியவை மட்டும் புழு அணுகாதிருக்க ஓக் மரத்தாற் செய்யப்பட்டன. துணி அழுத்தும் பலகை சுவரோடு மடிந்து நின்றது. விளக்கு, வேலை நடக்கும் இடத்துக்கு நகர்த்தக்கூடியதாக இருந்தது. நீலநிறத்தை ஈக்கள் நாடா என்னும் அக்கால நம்பிக்கையால் அலுமாரிகளுக்கு நீலச்சாயல் பூசப்பட்டது. ஏறக்குறைய 10,000 வீடுகளில் இச்சமையலறை பொருத்தப்பட்டது. இன்று நியூயோர்க் நகரத்து நவீன கலை அருங்காட்சியகத்திலும் இதன் ஒரு மாதிரி இடம்பெற்றுள்ளது.

இனி, இதிலிருந்து கற்கவேண்டியவற்றைக் காண்போர், மேற்கு நாட்டு அறையை அப்படியே பெயர்த்து வைக்க முயலவேண்டியதில்லை. முறையை எடுத்துக்கொண்டாற் போதும். முதற் காரியம், சதுரக் கோடிட்ட தாளில் அறையை அளந்து வரைதல். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று கொள்ளுதல் வசதி. கதவு, யன்னல், தூண், தண்ணீர்க் குழாய், கழிவுநீர் செல்லும் வாய் ஆகியவற்றைக் குறித்தபின், பிட்டும் குழம்பும் செய்யும் ஒரு காலைப்பொழுதில் வேலை செய்பவரின் நடையைப் பென்சிலாற் கோடிடவேண்டும். மா எடுக்க ஒரு கோடு, தேங்காய் துருவ ஒரு கோடு, பால் பிழிந்து சக்கை கொட்ட ஒரு கோடு எனப் போட்டுவர, எந்தப் பொருள் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கின்றது என்பது தானே விளங்கும். சில வீடுகளில் அடுப்பையோ தொட்டியையோ பெயர்க்காமல், அரிசிப் பெட்டியை இடம் மாற்றுவதாலேயே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

இரண்டாவது காரியம் வேலையின் வரிசை. பொருளை எடுத்தல், கழுவுதல், நறுக்குதல், சமைத்தல், பரிமாறுதல் என்ற ஒழுங்கிலேயே இடங்களும் அமைதல் வேண்டும். தொட்டிக்கும் அடுப்புக்கும் இடையே 3 அடி வெறும் மேசையாவது இருத்தல் நன்று. பெரும்பாலான வேலை அங்கேதான் நடைபெறுகின்றது. இருபக்கமும் மேசை வைக்கும் ஒடுக்கமான அறையில், தொட்டியும் அடுப்பும் ஒரே பக்கத்தில் இருப்பதே மேல். சோற்றுப் பானையைக் கஞ்சி வடிப்பதற்காகத் தூக்கிக்கொண்டு நடைபாதையைக் குறுக்கே கடக்கும்போது, கால்களுக்கிடையே குழந்தை ஓடி வந்தால் என்ன நேரும் என்பதைத் தாய்மார் அறிவர். இறக்கிய சட்டியை வைக்க அடுப்பின் இரு பக்கமும் சிறிதளவேனும் இடம் விடவேண்டும்.

மூன்றாவது, அகலம். கீழ் அலுமாரியோடு கூடிய மேசை சாதாரணமாக 2 அடி ஆழம் கொள்ளும். நடுவே ஒருவர் மட்டும் வேலை செய்ய மூன்றரை அடியும், இருவர் வேலை செய்ய 4 அடியும் வேண்டும். ஆகவே 8 அடி அகலமுள்ள அறையிலேதான் இருபுறமும் முழு மேசை வைத்து இருவர் நடமாட முடியும். அறை ஆறரை அடியே ஆனால், ஒருபுறம் 2 அடி மேசையும் மறுபுறம் ஓரடி ஆழமுள்ள இறாக்கைகளும் அமைத்தால், நடைபாதைக்கு மூன்றரை அடி கிடைக்கும். ஆழமில்லாத இறாக்கையிற் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்று மறையா. எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இதைவிட்டு, கிடைத்த சுவரெல்லாம் அலுமாரியால் நிரப்புவோர், பொருளுக்கு இடம் கொடுத்து ஆளுக்கு இடம் இல்லாமற் செய்கின்றனர். கீழ் அலுமாரிகளுக்குக் கதவுகளைவிட இலாச்சிகள் நல்லவை. முழந்தாளிட்டு உள்ளே தடவவேண்டிய தேவை இராது.

நான்காவது, உயரம். நறுக்கும் மேசை, வேலை செய்பவரின் முழங்கையிலிருந்து 4 முதல் 6 அங்குலம் வரை கீழே இருத்தல் முறை. கடையில் ஆயத்தமாக விற்கப்படும் மேசைகள் பெரும்பாலும் 3 அடி உயரமானவை. 5 அடி உயரமுள்ள பெண்ணுக்கு முழங்கையே 3 அடிக்குச் சிறிது மேலேதான் நிற்கும். அவர் நாள்தோறும் தோளைத் தூக்கியபடி நறுக்கவேண்டிவரும். தச்சர் வருமுன்னரே வீட்டில் அதிகம் சமைப்பவரை நிறுத்தி அளந்துகொண்டால், பல ஆண்டுத் தோள்வலி தவிர்க்கப்படும். நிலத்தில் வைத்துத் துருவும் திருவலை ஒடுக்கமான நடைபாதையை அடைத்துவிடும். மேசை விளிம்பிற் பூட்டும் திருவலைக்கு ஓரிடம் ஒதுக்குதல் நன்று. விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தாற் கையின் நிழலே கத்தியின்மேல் விழும். ஆதலின் அது மேசைக்கு நேர்மேலே இருக்கவேண்டும்.

இவ்வளவும் பிராங்க்பேட் சமையலறை தந்த நன்மைகள். ஆயினும் அதிலொரு குறையும் இருந்தது. அது ஒருவருக்காகவே அளக்கப்பட்ட அறை. அதனுள் இருவர் சேர்ந்து வேலை செய்வது கடினம். நடையைக் குறைத்து, மிஞ்சும் நேரத்தைப் பெண்ணுக்கு அளிப்பதே லிஹொட்ஸ்கியின் நோக்கம். நோக்கம் உயர்ந்தது. ஆனால் அவ்வறை ஒரு பெண்ணை வீட்டின் ஏனையோரிடமிருந்து பிரித்துத் தனியே நிறுத்துவதாகவும், துணைக்கு வர விரும்பும் கணவனுக்கும் மகனுக்கும் இடமில்லை என்று சொல்வதாகவும் 1970ஆம் ஆண்டுகளிற் பெண்ணுரிமையாளர் குறை கூறினர். சமைப்பவரின் காலடிகளை எண்ணிய திட்டம், சமைப்பவர் ஏன் ஒருவராகவே இருக்கவேண்டும் என்று கேட்கவில்லை.

இக்கேள்வி தமிழர் வீட்டுக்கு மிகவும் பொருந்தும். இங்கே சமையல் பெரும்பாலும் தனியொருவரின் தொழிலாக இருந்ததில்லை. ஒருவர் இடியப்பம் பிழிய, மற்றவர் அவிக்க, பாட்டி ஒரு மூலையிலிருந்து வெங்காயம் உரிப்பது நெடுநாளைய காட்சி. அறை ஒடுங்கியபோது முதலில் வெளியேற்றப்பட்டது அத்துணைதான். எஞ்சியவர் தனியே நின்று எல்லாவற்றையும் செய்கின்றார். மற்றவர் உதவுவதில்லை என்ற மனத்தாங்கலும் வளர்கின்றது. உதவ வந்தாலும் நிற்க இடமில்லை என்பதை ஒருவரும் எண்ணுவதில்லை.

ஆகையாற் புதிய திட்டத்தில் இரண்டாவது ஆளுக்கு ஓரிடம் கட்டாயம் வேண்டும். நடைபாதைக்கு 4 அடி கொடுக்க இயலாவிடின், வாசலுக்கு அண்மையில், அடுப்புக்கும் தொட்டிக்கும் எதிர்ப்படாத முனையில், ஒன்றரை அடி நீளமுள்ள மடிப்புப் பலகையும் ஒரு முக்காலியும் போதும். உணவறைக்கும் சமையலறைக்கும் இடையிலுள்ள சுவரை முழுதும் இடிக்காமல், அதில் ஒரு திறப்பு அமைத்தாற் பேச்சும் பாத்திரமும் அதனூடாகச் செல்லும். அச்சுவர் கட்டடத்தின் பாரத்தைத் தாங்குவதா என்பதைப் பொறியியலாளரிடம் கேட்டறியாமலும், தொடர்மாடி முகாமையாளரின் அனுமதி பெறாமலும் ஒரு கல்லையேனும் எடுத்தல் ஆகாது. தூணையும் வளையையும் எக்காரணம் கொண்டும் தொடுதல் கூடாது.

காப்புப் பற்றியும் சில சொல்லவேண்டும். சமையல் எரிவாயு காற்றினும் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு படிந்து தேங்கும். ஆகவே சிலிண்டரை அடைத்த அலுமாரிக்குள் வைக்காமல், நிலமட்டத்திற் காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்பினின்று விலக்கி வைத்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல பாகங்களில் நிகழ்ந்த எரிவாயு வெடிப்புகளை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2022இல் எரிவாயுவே கிடையாதபோது, விறகு மூட்ட இடமில்லாத மாடி வீட்டார் பட்ட பாடும் பெரிது. ஆதலின் மின்னடுப்பு ஒன்றுக்கு வேண்டிய தனி மின்னிணைப்பையும் திட்டத்திற் சேர்த்துக்கொள்வது முன்யோசனை. மின்செருகிகள் தொட்டியினின்று எட்ட இருக்கவேண்டும். நிலத்துக்கு வழுக்காத ஓடு பதிக்கவேண்டும்.

வேலையின் ஒழுங்கும் செலவைத் தீர்மானிக்கும். முதலிற் குழாயும் மின்கம்பியும், பின்னர் சுவர்ப்பூச்சும் ஓடும், இறுதியில் அலுமாரியும் மேசையும் என்பது முறை. இம்முறை தவறினாற் பதித்த ஓட்டை மீண்டும் உடைக்க நேரும். கழிவுநீர் வாயை இடம் மாற்றுதல் மிகுந்த செலவுடையது. தொட்டியை இருந்த இடத்திலேயே விடுதல் சிக்கனம். மதிப்பிட்ட தொகையிற் பத்தில் ஒரு பங்கையேனும் எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கி வைக்கவேண்டும். யாவற்றுக்கும் முன், புதிய மேசைகளின் எல்லையை நிலத்திற் சுண்ணக்கட்டியாற் கீறி, அவற்றின் இடத்தில் வெறும் பெட்டிகளை அடுக்கி, இரண்டு மூன்று நாள் அவ்வெல்லைக்குள்ளேயே சமைத்துப் பார்த்தல் நன்று. சுண்ணக் கோட்டை அழிப்பது எளிது. கட்டிய மேசையை அழிப்பது அரிது.

சமையலறை பெரிதாயிருப்பது ஒவ்வொருவர்க்கும் வாய்ப்பதன்று. ஆனால் உள்ள இடம் உழைப்பவருக்கு ஏற்றதாயிருப்பது எல்லோருக்கும் கைகூடும். அளவுகோலை எடுப்பவர் முதலில் அடுப்படியில் நிற்பவரை அளக்கட்டும். அடுத்து, அவருக்குத் துணையாக நிற்கவேண்டியவருக்கு இடம் விடட்டும். அதன்பின் மிஞ்சும் இடத்தில் அலுமாரி அமையட்டும்.