துயரை மறவாத பள்ளி

(தாயில்பட்டி வட்டார ஆசிரியர், பெற்றோர் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தாயில்பட்டிக்கும் அதன் சுற்றூர்களுக்கும் வெடிச்சத்தம் புதிதன்று. ஆயினும் பண்டிகை நாளில் கேட்கும் சத்தம் வேறு. வேலை நாளின் நண்பகலில் தொலைவிலிருந்து அதிர்ந்து வரும் சத்தம் வேறு. இரண்டாவது சத்தம் எழுந்ததும் வகுப்பறையில் பாடம் நின்றுவிடுகிறது. புகை எழும் திசையை ஆசிரியரும் பார்க்கிறார்; மாணவரும் பார்க்கின்றனர். காலையில் வேனேறி ஆலைக்குச் சென்ற தாயையோ தந்தையையோ எண்ணி ஒரு பிள்ளை எழுந்து நிற்கிறது.

2012 செப்டம்பர் 5, ஆசிரியர் நாள். அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த விபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயைக் கண்டு ஓடிவந்த அக்கம்பக்கத்து மக்களும் அவர்களுள் இருந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில், தாயில்பட்டியிலேயே, ஒரு வீட்டில் பட்டாசு செய்தபோது நேர்ந்த வெடிப்பு ஒரு குழந்தையின் உயிரையும் பறித்தது.

ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் ஆலையின் உரிமம் ஆராயப்படுகிறது. நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது. தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளை மறுபடி வகுப்பறைக்கு வரும்போது என்ன செய்யவேண்டும் என்பது மட்டும் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. 2021-இல் நிலை இன்னும் கடுமையாக இருந்தது. பெருந்தொற்றுக் காரணமாக, எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் அவ்வாண்டு நவம்பர் 1 வரை பள்ளி திறக்கப்படவில்லை. துயருற்ற சிறுவர்க்குத் தோழரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. வீட்டின் நான்கு சுவர்களே துணை.

துயரம் பெரியோரிடத்தில் மெல்ல மெல்லத் தணிகிறது. பிள்ளைகளிடத்தில் அது அவர்களோடு சேர்ந்து வளர்கிறது. ஆறு வயதுக் குழந்தை, சென்றவர் திரும்பி வருவார் என்றே எண்ணியிருக்கும். பத்து வயதில் அந்த இழப்பின் முழுப்பொருளும் அதற்கு விளங்குகிறது. பதினைந்தாம் வயதில், பொதுத்தேர்வு நாளன்று, திருநீறு பூசி அனுப்பத் தாய் இல்லையே என்னும் எண்ணத்தில் அதே இழப்பு புதிதாகத் தாக்குகிறது. அதற்குள் ஊர் மறந்திருக்கும், வகுப்பாசிரியர் மாறியிருப்பார். பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குச் செல்லும்போது மாற்றுச் சான்றிதழில் பிறந்த நாளும் பெற்றோர் பெயரும் செல்கின்றன. அதன் துயரம் பற்றிய செய்தி செல்வதில்லை.

தாய் தந்தையை இழந்த பிள்ளைகள் அனைவரும் தற்கொலையை நாடுவதில்லை. மிகப் பெரும்பாலோர் அன்பின் துணையால் தேறிவிடுகின்றனர். ஆயினும் இளவயதில் நேரும் கொடிய இழப்பு அந்த அபாயத்தைக் கூட்டுகிறது என்பது மருத்துவம் கண்ட உண்மை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. இத்தகைய மரணம் எதற்கும் ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. தேர்வுத் தோல்வி கடைசிச் சுமையாக இருக்கலாம்; முன்பே ஏறியிருந்த சுமைகளைக் கண்டறிவதே தடுப்பின் தொடக்கம்.

தடுக்க இயலும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. தோல்வியுற்ற மாணவர் ஓராண்டு காத்திராமல் சில வாரங்களிலேயே மீண்டும் எழுதத் துணைத்தேர்வு வந்தது. தோல்வி என்பது முடிவன்று, சில வாரத் தாமதமே என்னும் நிலை அதனால் உண்டாயிற்று. 2017-இல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநிலத் தரவரிசை வெளியிடும் வழக்கம் கைவிடப்பட்டது. இரண்டும் விதிமுறை மாற்றங்களே. எனினும் தோல்வியின் அவமானத்தைக் குறைக்க வல்லவை.

பள்ளி செய்யவேண்டியது யாது? மரணச் செய்தி வந்த அன்று, தலைமையாசிரியர் முதலில் உண்மையை உறுதி செய்துகொள்ள வேண்டும். பின்னர் அந்தந்த வகுப்பாசிரியர் தம் மாணவரிடம் எளிய சொற்களில் அதைக் கூறவேண்டும். பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி வழியே அறிவிப்பது தகாது. ‘சாமியிடம் போய்விட்டார்’, ‘தூங்குகிறார்’ என்றெல்லாம் மறைத்துச் சொன்னால் சிறு பிள்ளைகள் உறங்கவே அஞ்சுவர். இறந்தார் என்றே சொல்லலாம். அழுகை வந்தால் அழ விடலாம்.

துயருற்ற பிள்ளை திரும்பும் நாளுக்கு முன்பே ஆசிரியர் ஒருவர் அதன் வீட்டுக்குச் சென்றுவருதல் நலம். வகுப்பில் எங்கே அமர விரும்புகிறது, தோழரிடம் என்ன சொல்லவேண்டும், மனம் தாளாதபோது யாரிடம் போகலாம் என்பவற்றை அப்பிள்ளையிடமே கேட்கவேண்டும். திடீர்ச் சத்தத்துக்கு அது நடுங்கினால் பிறர் நகைக்காதவாறு காக்கவேண்டும். இறந்த நாள், தீபாவளி, தேர்வு நாள் ஆகியவை பள்ளியின் நினைவில் இருக்கவேண்டும். அடுத்த வகுப்புக்கோ அடுத்த பள்ளிக்கோ செல்லும்போது, குடும்பத்தின் இசைவோடு, பொறுப்பாசிரியர் ஒருவருக்கு அச்செய்தி அடக்கமாகக் கையளிக்கப்படவேண்டும்.

மாணவர் ஒருவர் தற்கொலையால் இறக்க நேர்ந்தால் கவனம் இருமடங்கு தேவை. எவ்வாறு இறந்தார் என்பதை விவரிக்கலாகாது. வீரமாகவும் போற்றலாகாது, கோழைத்தனம் என்று பழிக்கவும் ஆகாது. பழிச்சொல் கேட்கும் அவையில், அதே எண்ணத்தோடு அமர்ந்திருக்கும் இன்னொரு பிள்ளை வாய் திறவாது. நெருங்கிய தோழரையும், உடன்பிறந்தாரையும், முன்பே துயருற்றிருந்தோரையும் தனித்தனியே அழைத்துப் பேசவேண்டும். ‘சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?’ என்று நேரே கேட்டால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்பட்டுவிடும் என்னும் அச்சம் தவறானது. பரிவோடு கேட்கும் கேள்வி, பூட்டிய கதவைத் திறக்கிறது. ஆம் என்னும் விடை வந்தால் பிள்ளையைத் தனியே விடலாகாது. பெற்றோருக்கும் மருத்துவருக்கும் அன்றே அறிவிக்கவேண்டும். அதனை இரகசியமாகக் காப்பதாக வாக்களித்தல் கூடாது.

2025 ஜூலை 25-இல் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனத்தில் தகுதி வாய்ந்த மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். அதினும் சிறியவை வெளி வல்லுநரோடு முறையான தொடர்பு கொள்ளவேண்டும். ஊழியர்க்கு ஆண்டுக்கு இருமுறையேனும் பயிற்சி தரவேண்டும் என்பன அவற்றுள் சில. இவ்வட்டாரத்துச் சிற்றூர்ப் பள்ளிகள் பல சிறியவை. நாலைந்து பள்ளிகளுக்குப் பொதுவாக ஓர் ஆலோசகர் வாரந்தோறும் வந்துசெல்ல அறக்கட்டளைகள் பொருளுதவி செய்யுமாயின், அது கட்டடத் திருப்பணியினும் குறைந்த அறமாகாது.

14416 என்னும் டெலி மானஸ் எண்ணிலும், 104 என்னும் தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணிலும் இரவும் பகலும் தமிழில் பேசலாம். 1098 சிறாருக்கான உதவி எண். இவற்றை வகுப்பறைச் சுவரில், பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதிவைப்பதற்குச் செலவு ஒரு டப்பா வண்ணமே.

எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமையை முதல் அறமாகக் கொண்ட அவை இது. வாடும் உயிரைக் கண்டும் அருகே செல்லாதிருத்தல் ஊறுக்கு மிக அண்மையில் நிற்கிறது. விபத்து நடந்த வாரத்தில் வீட்டு வாசலில் ஊரே நிற்கும். ஐந்தாண்டுகள் கழிந்து, ஒரு தேர்வு நாளின் காலையில், ‘இன்று அம்மாவின் நினைவு வந்ததா?’ என்று கேட்க ஓர் ஆசிரியர் போதும். அந்த ஓர் ஆசிரியர் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கட்டும்.