வண்டிக்குள் கசியும் தண்ணீர்
(வானொலியில் ஒலிபரப்பான பேச்சு)



பிக்கப் வண்டியில் இருக்கிற ஹீட்டரைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். "திருவண்ணாமலை வெயிலுக்கு ஹீட்டரா?" என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நாம் அதைப் போடுவதே இல்லைதான். ஆனால் நாம் தொடாத அந்தச் சின்னப் பெட்டி ஒழுகினால், எஞ்சினே போய்விடும். அதனால்தான் இந்தப் பேச்சு.

ஹீட்டர் காயில் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும். எஞ்சினைச் சுற்றி வரும் சூடான தண்ணீர், இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக இதற்குள் வந்து திரும்பும். பல வண்டிகளில், நீங்கள் ஹீட்டரைப் போட்டாலும் போடாவிட்டாலும் தண்ணீர் இதில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே இதில் ஓட்டை விழுந்தால் ரேடியேட்டரில் ஓட்டை விழுந்தது போலத்தான். ஒரே வித்தியாசம், தண்ணீர் தரையில் சொட்டாது, வண்டிக்குள் சொட்டும். அதனால் நம் கண்ணில் படுவதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? ரேடியேட்டரில் தண்ணீர் அடிக்கடி குறையும், ஆனால் வண்டிக்கு அடியில் ஈரம் இருக்காது. காலடி விரிப்பு நனைந்து பிசுபிசுக்கும். உள்ளே ஒரு தித்திப்பு வாடை அடிக்கும். முன் கண்ணாடியில் உள்பக்கமாக எண்ணெய் பூசினாற்போல மூட்டம் படியும். ஏ.சி. தண்ணீரும் சில சமயம் உள்ளே ஒழுகும். அதில் நிறமும் இருக்காது, பிசுக்கும் இருக்காது. புகைக்குழாயில் விடாமல் வெள்ளைப் புகை வந்து, எஞ்சின் ஆயிலும் மோர் மாதிரி வெளுத்திருந்தால் அது ஹெட் கேஸ்கட் கோளாறு. அப்போது வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் பூ மூட்டையோடு ரமணாசிரமம் பக்கம் செங்கம் சாலை நெரிசலில் ஊர்ந்து போகிறீர்கள். அல்லது ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏறுகிறீர்கள். சூடு காட்டும் முள் மேலே ஏறுகிறது. உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ஆனால் மூடியைத் திறக்காதீர்கள்! அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த கணமே பீறிட்டு முகத்தில் அடிக்கும். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறட்டும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் ஆபத்து, இரும்பு வெடித்துவிடும்.

"கொஞ்சம் மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடைபடும்" என்று சொல்லுவாங்க. அடைபடும்தான், ஆனால் ஓட்டையோடு சேர்ந்து நல்ல குழாய்களும் அடைபடும். அது வேண்டாம்.

முதலில் ஹோஸையும் கிளிப்பையும் பாருங்கள். பல நேரம் கோளாறு அங்கேயே முடிந்துவிடும், செலவும் கொஞ்சம்தான். காயில்தான் ஒழுகுகிறது என்றால், அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. எஞ்சின் ஆறிய பிறகு, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் கழற்றி, ஒன்றோடொன்று இணைத்துவிடலாம். குறைந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு வண்டி வீடு வந்து சேரும். ஆனால் அப்படியே விட்டுவிடக் கூடாது. நல்ல ஹீட்டர் இருந்தால், மலை ஏறும்போது முள் ஏற ஆரம்பித்ததும் அதை முழுச் சூட்டில் போட்டால், எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை வெளியே இழுத்துவிடும். உங்களுக்கு வியர்க்கும், எஞ்சின் பிழைக்கும்.

மாற்றும் வேலையைச் சொல்கிறேன். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். கூலன்ட்டை ஒரு பாத்திரத்தில் வடியுங்கள். எந்த ஹோஸ் எங்கே போகிறது என்று அடையாளம் வையுங்கள். ஒட்டிக்கொண்ட ஹோஸை வெடுக்கென்று இழுத்தால் காயிலின் மூக்கு வளையும். திருகித் தளர்த்துங்கள், வராவிட்டால் ஹோஸை அறுத்துவிட்டுப் புதிது போடுங்கள். சில வண்டிகளில் பக்கத்து மூடியைக் கழற்றினாலே காயில் வந்துவிடும். சிலவற்றில் டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும், ஏ.சி. குழாயும் குறுக்கே நிற்கும். அதைப் பணிமனைக்கு விட்டுவிடுங்கள். புதுக் காயிலைப் பழசோடு வைத்து அளவு பாருங்கள். ஓரத்து ஸ்பாஞ்சையும் கிளிப்பையும் புதிதாகப் போடுங்கள்.

பிறகு வண்டியின் முன்பக்கம் மேடாக நிற்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய எஞ்சினில் மெதுவாகக் கூலன்ட் ஊற்றுங்கள். மூடி திறந்தபடி மெதுவாக ஓடட்டும். குமிழி நிற்கும்வரை ஊற்றுங்கள். பொங்கி எழுந்தால் உடனே நிறுத்துங்கள். உள்ளே காற்று தங்கினால் எஞ்சின் மறுபடி சூடாகும். மறுநாள் காலை அளவைத் திரும்பப் பாருங்கள்.

காயில் ஏன் ஓட்டையானது? பெரும்பாலும் நாம் ஊற்றும் உப்புப் போர் தண்ணீர்தான் காரணம். குழாய்க்குள் உப்புப் படியும், உலோகத்தை அரிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரையும் கூலன்ட்டையும் டப்பாவில் சொன்ன கணக்கில் கலந்து ஊற்றுங்கள். கூலன்ட் குளிருக்கு மட்டும் இல்லை. துருவையும் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும்.

கடைசியாக ஒன்று. வடித்த கூலன்ட்டைத் தொழுவத்துப் பக்கமோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். அதிலுள்ள கிளைக்கால் என்ற பொருள் தித்திக்கும்; கன்றும் நாயும் ஆசையாக நக்கும். சிறுநீரகம் கெட்டு உயிரே போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. குடித்துவிட்டால் விடியும்வரை காத்திராமல் மருத்துவரிடம் ஓடுங்கள். ரமணாசிரமத்தில் 1948-ல் இறந்த லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதியே கட்டி வைத்திருக்கிறார்கள். மாட்டை அப்படி மதிக்கும் ஊரில் நம் கவனக்குறைவால் ஒரு கன்று சாகலாமா? மூடியுள்ள கேனில் பிடித்து, பணிமனையில் கொடுத்துவிடுங்கள்.

நாளைக் காலை வண்டி எடுக்கும் முன் விரிப்பைத் தூக்கி, கையால் ஒரு தடவை தடவிப் பாருங்கள். அரை நிமிஷ வேலை.