ஓரியின் அம்பு எங்கே போய் நின்றது?



புறநானூற்றின் 152ஆம் பாட்டை நான் முதன்முதலில் படித்தது பள்ளிக்கூட வாங்கில் இருந்துகொண்டு. வன்பரணர் பாடியது. கொல்லிமலைக்குத் தலைவனாக இருந்த வல்வில் ஓரியின் வேட்டையைச் சொல்வது. ஓரி விட்ட அம்பு ஒன்றுதான். அது யானையைச் சாய்க்கிறது. சாய்த்த பிறகும் நிற்கவில்லை. புலியைத் துளைக்கிறது, மானை உருட்டுகிறது, பன்றியை வீழ்த்துகிறது, கடைசியில் புற்றிலே கிடந்த உடும்பில் போய்ச் செருகி நிற்கிறது. ஆசிரியர் கரும்பலகையில் “உயர்வு நவிற்சி” என்று எழுதினார். நாங்களும் கொப்பியில் எழுதிக்கொண்டோம். பாடம் முடிந்தது.

எனக்கு மட்டும் முடியவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வில் இருந்ததுதான் காரணம்.

என் ஊர் மறிச்சுக்கட்டி. மன்னார்ப் பெருநிலத்தின் தென்கோடி. மேற்கே முத்துக்குளிப்புக்குப் பேர்போன கடல்; தெற்கே மோதரகம் ஆறு; ஆற்றுக்கு அப்பால் வில்பத்துக் காடு. வில்பத்து என்ற பெயரில் உள்ள ‘வில்’ அம்பு விடும் வில் அல்ல, ‘வில்லு’ என்று நாங்கள் சொல்லும் காட்டு நீர்நிலைதான் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. வேடர்கள் வில்லை வைத்துவிட்டுப் போன காடு என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கைக்கு அயலிலும் ஆதாரம் இருந்தது. காட்டோரக் கடலிலே குதிரைமலை முனை. அங்கேதான் அல்லி அரசாணி ஆண்டாள், அருச்சுனன் அங்கேதான் வந்தான் என்று எங்கள் கரையில் கதை சொல்லுவார்கள். அரிப்பில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய ஆளுநர் நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாட்டைக்கூட ‘அல்லிராணிக் கோட்டை’ என்றுதான் இன்றும் சொல்கிறோம். வில்லாளிகளில் பெரியவனை எங்கள் கரைக்கு மருமகனாக்கிவிட்டார்கள் என் முன்னோர்!

எங்கள் வீட்டு வில் மூத்த வாப்பாவுடையது. காட்டு வேடர் ஒருவரிடம் அவருடைய வாப்பா நெல் கொடுத்து வாங்கியது என்பார். நிறுத்தி வைத்தால் அவருடைய தலைக்கு மேலே ஒரு சாண் நிற்கும். நாண் மருள் நாரில் முறுக்கியது. மருள் என்பது எங்கள் பக்கத்துப் பற்றைகளில் வாள்வாளாக நிற்கும் செடிதான். வடமொழியில் மூர்வை என்பார்கள்; அரச குலத்தவனுக்கு மூர்வை நாணால் அரைக்கச்சை கட்டவேண்டும் என்று மனுநூல் விதிக்கிறது. ஆங்கிலேயரும் இந்த இனச் செடிக்கு ‘வில்நாண் சணல்’ என்ற பொருளிலேயே பெயர் வைத்தார்கள். ஆடு கடிக்காத ஒரு செடிக்கு இவ்வளவு மரியாதை.

அந்த வில்லை என்னால் ஒரு சாணுக்கு மேல் இழுக்க முடிந்ததில்லை. கை நடுங்கும். “கையால இழுக்காத மகன். முதுகால இழு. நீ வில்லுக்குள்ள போ” என்பார் மூத்த வாப்பா. வில்லுக்குள் எப்படிப் போவது? அப்போது அது விளங்கவில்லை. பின்னாளில் ஒரு புத்தகத்தில் வாசித்தபோது திடுக்கிட்டேன். 1549இல் இங்கிலாந்து மன்னன் ஆறாம் எட்வர்ட் முன்னிலையில் பாதிரியார் லற்றிமர் ஒரு பிரசங்கம் செய்திருக்கிறார். மற்ற நாட்டார் கைப்பலத்தால் இழுப்பார்கள். எனக்கு என் தகப்பனார் உடலையே வில்லுக்குள் கிடத்தப் பழக்கினார். என் வயதுக்கும் பலத்துக்கும் ஏற்ப வில்லும் பெரிதாகிக்கொண்டே வந்தது என்பது அவர் சொன்னதன் சாரம். மறிச்சுக்கட்டிக் கமக்காரரும் இலண்டன் பாதிரியாரும் ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய வில்லைத் தொட்டவர்களுக்கு வேறு வார்த்தை இல்லைப் போலும்.

ஒரு நாள் உயர்வு நவிற்சியை அவரிடம் கொண்டுபோனேன். “யானையை ஊடுருவி ஓர் அம்பு போகுமா?” அவர் பதில் சொல்லவில்லை. என்னைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் விளையாட வைத்திருந்த நாணல் அம்பை அந்தப் பெரிய வில்லில் ஏற்றி முதலில் விட்டார். அது ‘சிர்’ என்று குளத்தைத் தாண்டி எங்கேயோ போனது. இன்றுவரை அது கிடைக்கவில்லை. அடுத்து, கூரையிலிருந்து எடுத்து வந்த தன் அம்பை ஏற்றினார். முனையில் ஒரு சாணுக்கு மேல் நீண்ட இரும்பு அலகு உள்ள அம்பு. அது போவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. சோம்பேறி அம்பு என்றுதான் நினைத்தேன். எதிர்க் கட்டின் களிமண்ணில் இறங்கியது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தும் என்னால் பிடுங்க முடியவில்லை.

நேயர்களே, வல்வில்லின் இரகசியம் முழுவதும் அந்தக் களிமண்ணில் இருந்தது. அதை எண்களாக அறிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

1545இல் கடலில் மூழ்கிய ‘மேரி றோஸ்’ என்ற ஆங்கிலப் போர்க்கப்பலை 1982இல் மேலே தூக்கினார்கள். அதன் சிதைவுகளிலிருந்து 170 வரையான நெடுவில்களும் ஆயிரக்கணக்கான அம்புகளும் கிடைத்தன. அந்த வில்களை முழுதாக இழுத்துப் பிடிக்க 100 இறாத்தல் முதல் 185 இறாத்தல் வரை பலம் வேண்டும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு மூடை நெல்லின் பாரத்தை மூன்று விரலில் தூக்கி, காதருகே பிடித்துக்கொண்டு, குறியும் பார்க்கவேண்டும்! கப்பலோடு மாண்டவர்கள் சிலரின் எலும்புக்கூடுகளில் தோளெலும்பே வழமைக்கு மாறாக இருந்தது. சிறுவயது முதல் வில் பழகியதன் அடையாளம் அது என்று கருதுகிறார்கள்.

இத்தகைய வில்லிலிருந்து புறப்படும் அம்புக்கு எவ்வளவு வேகம்? 2019இல் இங்கிலாந்தில் 160 இறாத்தல் நெடுவில் ஒன்றை வைத்துக் கவசத்தின் மீது எய்து பார்த்தார்கள். அம்பின் நிறை ஏறக்குறைய 80 கிராம். வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 55 மீற்றர். மணிக்கு 200 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவுதானா என்று தோன்றும். எனக்கும் ஏமாற்றமாகவே இருந்தது. 50 இறாத்தல் இழுவையுள்ள சாதாரண மரவில்லும் 30 கிராம் அம்பை வினாடிக்கு 45 முதல் 50 மீற்றர் வேகத்தில் அனுப்பிவிடும். மூன்று மடங்கு பலத்தைக் கொடுத்தும் வேகத்தில் மூன்று மடங்கு கிடைப்பதில்லை. ஐந்தில் ஒரு பங்கு கூடினால் பெரிது. ஏன்? தடித்த வில் தன்னுடைய கனத்த கைகளையே முதலில் நகர்த்தவேண்டியிருக்கிறது. நீங்கள் கொடுத்த பலத்தில் ஒரு பகுதியை வில்லே தின்றுவிடுகிறது. மிகுதியைத்தான் அம்புக்குக் கொடுக்கும். அதையும் வேகமாகக் கேட்டால் கொடுக்காது. சுமையாகக் கேட்டால் கொடுக்கும். நாணல் அம்பை ஏற்றினால் வலிமை வீணாகப் போகும். இரும்பு அலகு அம்பை ஏற்றினால் அதே வேகத்தில் சிறிது குறைத்துக்கொண்டு மூன்று மடங்கு பாரத்தைத் தூக்கிக்கொண்டு போகும்.

இன்னுமொரு கணக்கு. இது கிரிக்கெட் பிரியர்களுக்கு. 2003 உலகக்கிண்ணப் போட்டியில் சொயிப் அக்தர் வீசிய பந்து மணிக்கு 161.3 கிலோமீற்றர் வேகத்தில் வந்தது. கிரிக்கெட் பந்து அந்த அம்பைப் போல இரண்டு மடங்கு கனம். ஆகவே சக்தியைக் கணக்கிட்டால் பந்துக்கு 160 யூல், அம்புக்கு 120 யூல். பந்துதான் பெரியது! ஆனால் பந்து பட்டால் விலா எலும்பு முறியலாம். அம்பு பட்டால் உள்ளே போய்விடும். அம்பு தன் பாரம் முழுவதையும் ஓர் அலகின் விளிம்புக்குப் பின்னால் நீளமாக அடுக்கி வைத்திருக்கிறது. துப்பாக்கி ரவையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரி-56 துப்பாக்கி ரவை 8 கிராம்தான், ஆனால் வினாடிக்கு 700 மீற்றருக்கு மேல் போவதால் அதன் சக்தி அம்பைப் போலப் பதினாறு பதினேழு மடங்கு. உந்தத்தைப் பார்த்தால் கதை வேறு. இரண்டும் கிட்டத்தட்டத் தோழர்கள், ரவைக்கு 5.7 என்றால் அம்புக்கு 4.4. கனத்த அம்பு மெல்லப் போகும், ஆனால் போவதை நிறுத்தாது.

இதை அறிந்துகொண்டு நமது பழைய இலக்கியத்துக்குத் திரும்பினால் சில இடங்கள் வெளிச்சமாகின்றன. வால்மீகி, சனகன் வைத்திருந்த வில்லின் பெருமையைச் சொல்லுமிடத்தில், எட்டுச் சக்கரப் பெட்டியையும் அதை இழுக்க ஐயாயிரம் பேரையும் கொண்டுவருகிறார். கம்பனோ தாடகை வதத்தில் இராமனின் அம்பு போகும் கடுமைக்கு ஒரு சொல்லை உவமையாக்குகிறான். முனிவன் வாயிலிருந்து விழும் சொல் அது. அழகுதான். ஆனால் அது வேகத்தின் அழகு. வில்லைக் கையில் பிடிக்காத புலவனும் பாடிவிடலாம். வன்பரணரின் பாட்டில் வேகம் என்ற பேச்சே இல்லை. அவர் பேசுவது அம்பு எவ்வளவு ஆழம் போனது என்பதைத்தான். ‘வல்வில்’ என்ற அடைமொழிக்கு அதுதான் பொருள். விரைவில் என்று யாரும் ஓரியை அழைக்கவில்லை.

இப்போது அந்த ஐந்து விலங்குகளையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். யானை, புலி, மான், பன்றி, உடும்பு. உயரம் இறங்கிக்கொண்டே வருகிறது. முதலில் உள்ளதன் தோல் மிகத் தடிப்பு. கடைசியில் உள்ளது மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் பிராணி. பறக்கும் அம்பு ஒன்று பலத்தை இழந்து இழந்து, தாழ்ந்து தாழ்ந்து, கடைசியில் புற்று மண்ணில் குத்தி நிற்பது போலவே அந்த வரிசை அமைந்திருக்கிறது. உடும்பை முதலில் வைத்து யானையைக் கடைசியில் வைத்திருந்தால் கேட்பவருக்கு வியப்பு இன்னும் ஏறியிருக்கும். மேடைப் பேச்சாளன் அப்படித்தான் செய்வான். புலவர் செய்யவில்லை. அம்பு ஓயும் விதத்தைக் கண்ணால் கண்ட ஒருவரின் வரிசை இது என்பது என்னுடைய எண்ணம். புலவர்கள் ஏற்கிறார்களோ இல்லையோ!

யானையை ஊடுருவி ஓர் அம்பு மறுபக்கம் போகாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 120 யூல் அதற்குப் போதாது. கென்யாவில் சாவோ காட்டை அண்டி வாழ்ந்த வாத்தா மக்கள் 100 இறாத்தலுக்கு மேற்பட்ட வில்களால் யானை வேட்டை ஆடியவர்கள். அவர்களுடைய அம்பும் ஊடுருவிப் போனதில்லை. தோலைக் கடந்து உள்ளே இறங்க வில்லின் பலம். கொல்வதற்கு அலகில் பூசிய நஞ்சு. ஆகவே வன்பரணர் மிகைப்படுத்தினார்தான். ஆனால் பொய்யான திசையில் மிகைப்படுத்தவில்லை. அம்பு போகும் பாதையிலேயே சற்றுத் தூரம் கூடப் போனார்.

அம்பின் ஆழத்தைக் கண்டு வியந்தவர் வன்பரணர் மட்டுமல்ல. அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கசின் குறிப்புகளைக் கொண்டு கிரேக்க ஆசிரியர் அரியன் எழுதியிருக்கிறார்: இந்தியக் காலாட்களின் வில் ஆளின் உயரம்; நுனியை நிலத்தில் ஊன்றி, இடது காலால் உதைத்துக்கொண்டு, நாணை வெகு பின்னுக்கு இழுப்பார்கள்; அம்பு ஏறக்குறைய மூன்று முழம்; கேடயமோ மார்புக் கவசமோ அதன் முன்னே நில்லாது. அவரும் அம்பு எதைத் துளைக்கும் என்பதைத்தான் சொல்கிறார். ஆனால் கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரைப் போரன்று மழை பெய்து தரை சேறாகிவிட்டது. ஊன்றிய வில் வழுக்கியது என்று இன்னோர் ஆசிரியர் எழுதுகிறார். வல்வில்லுக்கு வல்லவன் மட்டும் போதாது, காலடியில் உறுதியான மண்ணும் வேண்டும்.

நமது நாட்டு வேடர்களும் அம்பின் அலகில்தான் கவனமாக இருந்தார்கள். 1681இல் வெளிவந்த நூலில் றொபேட் நொக்ஸ் ஒரு செய்தி சொல்கிறார். வேடர்கள் இரவிலே கொல்லன் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஓர் இலையையும் வெட்டி மாட்டிவிட்டுப் போவார்களாம். அந்த இலையின் வடிவத்தில் அலகு அடித்து வைக்கவேண்டும். ஒரு வார்த்தை பேசாமல் அகலமும் நீளமும் கொல்லனுக்குத் தெரிந்துவிடும். இலை வெட்டிய அந்தக் கைக்குக் கணக்குத் தெரியாது என்று யார் சொல்வது?

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நாங்களும் ஊரைவிட்டுப் புத்தளத்துக்குப் போனோம். கொண்டுபோகக்கூடிய சாமான்களில் ஆறடி வில் ஒன்று சேராது. போர் முடிந்து திரும்பிப் பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் காடு நின்றது. வில் இருந்த கூரை என்ன, சுவரே இல்லை. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்துக் காடு ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. எது ஊர், எது காடு என்ற வழக்கு வேறு பேச்சு. அதை இங்கே எடுக்கவில்லை.

மூத்த வாப்பா புத்தளத்திலேயே மவுத்தாகிவிட்டார். இன்று என் பேரனுக்கு அதே பாட்டு பாடப்புத்தகத்தில் இல்லை; நானாகச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, “அந்தப் பெரிய வில் எந்த மரம், அப்பா?” என்று கேட்டான். விண்ணாங்கு என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் நான் அதை ஒருபோதும் கேட்டு வைக்கவில்லை. வளவுக்குப் பின்னால் மருள் மட்டும் நிற்கிறது. ஒரு பிடி வெட்டி, ஊறப்போட்டு, நாரெடுத்து முறுக்கிப் பார்த்தோம். நாண் தயாராக இருக்கிறது.