ஓசையின்றி வரும் நோய்



கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறி வெள்ளிமலைக்குச் சென்றிருந்தேன். அங்கே திண்ணையில் அமர்ந்திருந்த மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார்: "2020-இல் கொரோனா வந்தபோது பேருந்தை நிறுத்தினீர்கள், பள்ளிக்கூடத்தை மூடினீர்கள். என் தம்பி எட்டு மாதம் இருமி இருமிச் செத்தானே, அதற்கு ஏன் ஐயா ஒருவரும் வரவில்லை?" விடை கூறத் தெரியாமல் இறங்கி வந்தேன்.

அவர் தம்பியைக் கொண்டுபோனது காசநோய். பழைய பெயர் எலும்புருக்கி. 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் இதனால் மாண்டனர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2011 கணக்கின்படி கள்ளக்குறிச்சி மாவட்ட எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் சுமார் 13 லட்சத்து 70 ஆயிரம் பேர். ஏறக்குறைய ஒரு மாவட்டமே ஓராண்டில் வெறிச்சோடிப் போவதாக எண்ணிப் பாருங்கள்! கொரோனா மூன்றாண்டுகள் இதனை முந்தி நின்றது. 2023-இல் காசநோய் மீண்டும் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

கொரோனாவுக்கு ஓராண்டுக்குள் தடுப்பூசி பிறந்தது. காசக் கிருமியை ராபர்ட் கோக் 1882-இலேயே காட்டிவிட்டார். ஆயினும் 1921-இல் முதன்முதல் அளிக்கப்பட்ட பி.சி.ஜி. ஒன்றே இன்றளவும் நம் கையில் உள்ளது. கிருமியின் சூழ்ச்சி இதற்கு ஒரு காரணந்தான். மற்றொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: கொரோனாவுக்கு மாளிகையும் அஞ்சியது, காசநோய்க்குப் பெரும்பாலும் குடிசைதான் அஞ்சுகிறது. இக்கிருமி உடலில் புகுந்தும் பலரிடம் ஆயுள் முழுவதும் உறங்கிக் கிடக்கும். பசியால் உடல் மெலியும்போது விழித்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் நம் சென்னையே உலகுக்கு வழிகாட்டியிருக்கிறது. 1956-இல் இங்கே தொடங்கிய ஆய்வு மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்து நல்லுணவும் ஓய்வும் அளித்தது. மறு பகுதியினருக்கு அவர்கள் வீட்டிலேயே மருந்து கொடுத்தது. 1959-இல் வெளிவந்த முடிவு என்ன? வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்திருந்தனர். அவர்களுடைய குடும்பத்தாருக்கு அதனால் நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. ஆகவே மலைமேல் உள்ளவரும் தம் குடிசையிலிருந்தே பிழைக்கலாம்.

ஆனால் மருந்தை ஆறு மாதம் விடாமல் உண்ண வேண்டுமே! இரண்டு மாதத்தில் இருமல் அடங்குகிறது. கூலி வேலை சமவெளிக்கு அழைக்கிறது. மாத்திரை கூரையில் செருகிய பையிலேயே தங்கிவிடுகிறது. பிறகு கிருமி அம்மருந்துக்கு அடங்க மறுக்கிறது.

2022-இல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. நோயாளி எவ்வளவு மெலிந்திருக்கிறார், மூச்சு எப்படி ஓடுகிறது, பிடிமானமின்றி நிற்கிறாரா என்று முதலிலேயே பார்த்து, தளர்ந்தவரை உடனே மருத்துவமனையில் சேர்ப்பதே அதன் முறை. எவ்வளவு எளிய சோதனை!

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனைகளில் சளியைக் கட்டணமின்றிச் சோதிக்கிறார்கள். அந்தத் தம்பிக்கு எட்டு மாதத்தில் ஒருமுறைகூட அது நடக்கவில்லை.